ஆங்கிலிக்கன் பேராலயப் பாடகர் குழுவை எப்படிக் கேட்பது?

இங்கிலாந்தின் பேராலயப் பாடகர் குழுக்களின் பதிவுகளைத் தொடர்ந்து கேட்டு வருவதாகவும், குரல்களின் தூய்மை வியக்கவைத்தாலும் நான்கைந்து பாடல்களுக்குப் பிறகு எல்லாம் ஒரே சாயலில் ஒலிப்பதாகவும், இதில் உணர்ச்சி எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எதில் தொடங்கி, எதைக் கவனித்துக் கேட்பது என்பது உங்கள் கேள்வி. என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கச்சேரி மேடைக்காகப் பிறந்த ஒலி அல்ல. ஒரு கல் கட்டடத்துக்குள், நாள்தோறும் மாலையில், வேதாகமச் சொற்களை எடுத்துச் சொல்லும் வேலைக்காக உருவான ஒலி. பாடுபவரின் குரலை மட்டும் பின்தொடர்ந்தால் இந்த இசை கைக்கு எட்டாமல் நிற்கும். பாடப்படும் சொல்லைப் பின்தொடர்ந்தால் அதுவே வழிவிடும்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். எட்டாம் ஹென்றியின் காலத்தில் ஆங்கிலிக்கன் சபை எனப்படும் இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்த பிறகு, கேன்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் 1549-ல் ஆங்கிலத்தில் ஒரு பொது ஜெபப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். துறவு மடங்களில் பொழுதுக்கொன்றாக இருந்த பல வழிபாடுகளை அவர் காலை, மாலை என இரண்டாகச் சுருக்கினார். மாலை வழிபாடு பாடப்படும்போது அதை ஈவன்சாங் என்கிறார்கள். 1662-ஆம் ஆண்டுப் பதிப்பின் ஒழுங்கே இன்றும் பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது: குருவும் குழுவும் மாறி மாறிப் பாடும் சிறு மன்றாட்டுகள், அன்றைய நாளுக்குரிய சங்கீதங்கள் (வேதாகமத்தின் சங்கீத நூலிலுள்ள துதிப்பாடல்கள்), வேத வாசிப்புகளுக்குப் பின் இயேசுவின் தாய் மரியாளின் பாட்டும், குழந்தை இயேசுவைக் கையிலேந்திய முதியவர் சிமியோனின் பாட்டும், இறுதியில் ஆன்தம் எனப்படும், குழு பாடும் ஒரு பாடல். தென்னிந்தியத் திருச்சபையில், அதிலும் ஆங்கிலிக்கன் வழிவந்த ஆலயங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு நன்கு பழகியது; மற்றவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். முக்கியமானது என்னவென்றால், இந்தச் சொற்கள் மாறுவதில்லை. மரியாளின் பாட்டுக்கு நூற்றுக்கணக்கான இசையமைப்புகள் இருக்கின்றன. அத்தனைக்கும் சொற்கள் ஒன்றுதான். ஒரே சொல்லை 16-ஆம் நூற்றாண்டுக்காரர் எப்படிக் கேட்டார், 20-ஆம் நூற்றாண்டுக்காரர் எப்படிக் கேட்டார் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் இந்த மரபின் ரசனை பெருமளவு அடங்கியிருக்கிறது.

அடுத்து, பாடுபவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பது. குழு மக்களை நோக்கி நிற்பதில்லை. பேராலயத்தின் கிழக்குப் பகுதியில், நடுவழிக்கு இருபுறமும், ஒருவரையொருவர் பார்த்தபடி இரண்டு பாதியாக நிற்கிறார்கள். தெற்குப் பக்கத்தை டெக்கனை என்றும் வடக்குப் பக்கத்தைக் கான்டோரிஸ் என்றும் அழைப்பார்கள். முன்னது பேராலயத் தலைமைக் குரு அமரும் பக்கம், பின்னது பாட்டுக்குப் பொறுப்பான குரு அமரும் பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் எல்லா வகைக் குரல்களும் முழுமையாக இருப்பதால் அவை தனித்தனியே இரண்டு குழுக்களாகவும் இயங்க முடியும். சங்கீதத்தின் வசனங்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தாவுவதும், முக்கியமான இடத்தில் இரண்டும் சேர்ந்துகொள்வதும் இதனால்தான். நல்ல ஒலிப்பெருக்கிகளிலோ காதணியிலோ கேட்டால் இடமும் வலமும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். எதிரில் நிற்பவரைக் கேட்டுத் தன் குரலைச் சரிசெய்துகொள்ளும் இந்த அமைப்புதான், யாருடைய குரலும் தனியே துருத்திக்கொண்டு நிற்காத ஒன்றிப்பைத் தருகிறது.

மேல்குரலைப் பாடுபவர்கள் ட்ரெபிள் எனப்படும் சிறுவர்கள். இன்று பல இடங்களில் சிறுமிகளும். ஏழெட்டு வயதில் சேர்ந்து, பையன்களானால் குரல் உடையும் பதின்மூன்று வயது வாக்கில் விலகுகிறார்கள். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் 16 சிறுவர்களும் 14 மாணவர்களும் பாடுகிறார்கள். பேராலயங்களில் மாணவர்களுக்குப் பதிலாகச் சம்பளம் பெறும் வளர்ந்த பாடகர்கள், மரபாக ஆண்கள், இருப்பார்கள். சிறுவர்களின் குரலில் வைப்ரேட்டோ என்னும் அசைவு மிகக் குறைவு. கமகத்துக்குப் பழகிய நம் காதுக்கு, சுரம் அசையாமல் நிற்பது முதலில் வெறுமையாகவே படும். ஆனால் அந்த அசையாமைக்குக் காரணம் இருக்கிறது. உயரமான கல் விதானத்தின் கீழ் பாடிய ஒலி உடனே மறைவதில்லை. பல விநாடிகள் தங்குகிறது. ஒவ்வொரு குரலும் தன் போக்கில் அசைந்தால், முன் சென்ற சுரத்தின் எச்சமும் புதிய சுரமும் கலந்து குழம்பிவிடும். நேராக நிறுத்திய சுரம்தான் அந்த எதிரொலியின் மேல் தெளிவாக அமரும். அப்படி நான்கு குரல்கள் துல்லியமாகச் சேரும்போது, யாரும் பாடாத ஒரு மேல் ஒலி கட்டடத்தில் எழுவதுபோல் கேட்கும். ஆக, இங்கே சுவை ஒற்றைச் சுரத்தின் உள்ளே இல்லை. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே இருக்கிறது.

ட்ரெபிளுக்கு அடுத்த ஆல்டோ குரலை மரபாகப் பாடுபவர்கள் பெண்கள் அல்லர். பொய்க்குரலில் பாடும் வளர்ந்த ஆண்கள், அதாவது கவுன்டர்டெனர்கள். இந்தக் குரலுக்கு ஒரு மெல்லிய கூர்மை உண்டு. மற்ற நாட்டுக் கலப்புக் குழுக்களின் ஆல்டோ பகுதி உருண்டு திரண்டு நடுவில் நிற்கும். இங்கே அது சிறுவர்களுக்கும், டெனர் எனப்படும் உயர்ந்த ஆண்குரல்களுக்கும் நடுவே மெல்லிய கோடுபோல் ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது ஆங்கிலப் பேராலயம் என்று சொல்லவைக்கும் அடையாளங்களில், சிறுவர் குரலைவிட இந்த ஆல்டோவே பெரியது என்பது என் கருத்து.

எல்லாம் ஒரே சாயல் என்று நீங்கள் சொன்னதற்கு இங்கேதான் மறுப்புச் சொல்ல விரும்புகிறேன். கேம்பிரிட்ஜில் சில நிமிட நடைத் தொலைவில் இரண்டு கல்லூரிச் சிற்றாலயங்கள் இருக்கின்றன. இரண்டும் பேராலயங்கள் அல்ல என்றாலும் பேராலயப் பாணியின் இரு துருவங்களை அவற்றில் கேட்கலாம். கிங்ஸ் கல்லூரியில் 1957 முதல் 1974 வரை டேவிட் வில்காக்ஸ் பயிற்றுவித்த குழு, உயிரெழுத்துகளைக்கூட அத்தனை பேரும் ஒரே வடிவில் ஒலிக்கும் அளவுக்கு இழைத்த, அமைதியான, சற்றே தொலைவில் நிற்கும் ஒலிக்குப் பேர்போனது. 17-ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் அல்லெக்ரியின் ‘மிசெரெரே’யை அவர்கள் 1963-ல் ஆங்கிலத்தில் பதிவு செய்தார்கள். அதில் சிறுவன் ராய் குட்மன் உச்சிச் சுரத்தை எட்டும் விதம் உலகெங்கும் இந்த ஒலியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிலோ 1951 முதல் 1991 வரை பொறுப்பிலிருந்த ஜார்ஜ் கெஸ்ட், சிறுவர்களிடமிருந்து திறந்த, நெஞ்சுரம் மிக்க, சொல்லை முன்தள்ளும் ஒலியை வரவழைத்தார். அதை ஐரோப்பியக் கண்டத்துப் பாணி என்பார்கள். இரண்டு குழுக்களும் பாடிய ஒரே பாடலை அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் சொல் ஒலிக்குள் கரைந்து வரும். இரண்டாவதில் ஒலியைக் கிழித்துக்கொண்டு சொல் வரும். இரண்டில் எது உயர்ந்தது என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். சங்கீதங்களுக்கு நான் செயின்ட் ஜான்ஸையே தேர்வேன்.

இந்தத் தூய ஒலி இடைக்காலத்திலிருந்து மாறாமல் வந்ததென்ற எண்ணமும் வேண்டாம். 1927-ல் லண்டன் டெம்பிள் ஆலயத்தில் எர்னஸ்ட் லஃப் என்ற சிறுவன் பாடிய மெண்டல்சானின் ‘ஹியர் மை பிரேயர்’ அக்காலத்தில் இசைத்தட்டாகப் பெரும் எண்ணிக்கையில் விற்றது. அதைக் கேட்டால், அந்தக் குரலில் இன்றைய சிறுவர்கள் காட்டாத ஒரு கனிவும் நெகிழ்வும் இருப்பது தெரியும். நாம் இன்று பழமை என்று நினைக்கும் ஒலி பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் உருவேறியது. வானொலியும் இசைத்தட்டும் அதைப் பரப்பின.

இனி எதைக் கேட்பது என்பதற்கு வருகிறேன். புகழ்பெற்ற ஆன்தம்களிலோ கிறிஸ்துமஸ் பாடல்களிலோ தொடங்க வேண்டாம்; சங்கீதங்களில் தொடங்குங்கள். ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாட்களுக்குக் காலை, மாலை எனப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. பழைய முறையை முழுதாகக் கடைப்பிடிக்கும் இடங்களில், 15-ஆம் நாள் மாலை என்றால் 70-க்கும் மேற்பட்ட வசனங்கள் கொண்ட 78-ஆம் சங்கீதம் முழுவதையும் பாட வேண்டும். இதற்கு அவர்கள் கையாளும் மெட்டு முறைக்கு ஆங்கிலிக்கன் சான்ட் என்று பெயர். அதன் அமைப்பு எளிமையானது: நான்கு குரல்களுக்கான பத்தே கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள். வசனத்தின் முதல் பாதியில் சொற்களின் பெரும்பகுதி முதல் கார்டின் மேலேயே சொல்லப்படும். பிறகு மூன்று நகர்வில் அந்தப் பாதி முடியும். ஒரு மூச்சு. இரண்டாம் பாதி மீண்டும் ஒரு கார்டில் நின்று சொற்களைச் சொல்லி, ஐந்து நகர்வில் முடியும். இரட்டைச் சான்ட் என்றால் இதுபோல் இரண்டு வசனங்களுக்கு ஒரு சுற்று.

இந்தச் சொற்களை எந்த வேகத்தில் சொல்ல வேண்டும் என்று நோட்டில் எழுதியிருக்காது. மூன்று சொல் வசனமும் இருபது சொல் வசனமும் அதே மெட்டில்தான் அடங்க வேண்டும். அதனால் பேச்சின் அழுத்தமே தாளமாகிறது. நம்மூரில் விருத்தம் பாடுபவர் தாளக்கட்டு இல்லாமல் செய்யுளின் பொருளுக்கேற்ப நிறுத்தியும் ஓடியும் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள்; அந்தச் சுதந்திரத்தை முப்பது பேர் ஒரே மூச்சில், ஒரே அசைவில், நான்கு குரல்களில் செய்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குழு சிறந்ததா இல்லையா என்பதை ஆன்தத்தில் கண்டுபிடிக்க முடியாது; சங்கீதத்தில் இரண்டு வசனத்துக்குள் தெரிந்துவிடும். வசன நடுவில் அவர்கள் எடுக்கும் மூச்சின் அளவைக் கவனியுங்கள். மோசமான குழு எல்லா வசனத்திலும் ஒரே அளவு நிறுத்தும். நல்ல குழு பொருள் தொடரும் இடத்தில் மூச்சைச் சுருக்கும், பொருள் திரும்பும் இடத்தில் நீட்டும். சொல்லின் கடைசி மெய்யெழுத்தையும் கேளுங்கள். ‘காட்’, ‘லார்ட்’ போன்ற சொற்களின் இறுதி ஒலி முப்பது வாயிலிருந்தும் ஒரே கணத்தில் வந்து விழ வேண்டும்; முன்பின்னானால் எதிரொலி அதை ஊருக்கெல்லாம் சொல்லிவிடும்.

ஆர்கன் இசைப்பவருக்கும் சங்கீதமே பெரிய களம். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருவதால், வசனத்தின் பொருளுக்கேற்ப அவர் குழல்களின் நிறத்தை மாற்றிக்கொண்டே போவார். 20-ஆம் நாள் மாலைக்குரிய 104-ஆம் சங்கீதத்தை இதற்காகவே தேடிக் கேட்கலாம். படைப்பின் அழகைச் சொல்லும் அதில் கிளைகளில் பாடும் பறவைகள் வருகின்றன, இரைக்காகக் கெர்ச்சிக்கும் சிங்கக் குட்டிகள் வருகின்றன, கடலில் விளையாடும் லிவியாதான் என்னும் மாபெரும் கடல்விலங்கு வருகிறது. பறவை வசனத்தில் உயரச் சுருதியுள்ள மெல்லிய புல்லாங்குழல் வகைக் குழல்களும், சிங்கத்துக்குக் கரகரத்த நாக்குக் குழல்களும், கடலுக்கு நெஞ்சில் அதிர்வாக மட்டுமே உணரப்படும் மிகப் பெரிய அடிக்குழல்களும் வரும். சில வசனங்களில் ஆர்கன் முற்றிலும் ஒதுங்கி, குரல்களைத் தனியே விட்டுவிடும். இதெல்லாம் எந்த நோட்டிலும் இல்லாதது; அந்த மாலைக்கு அந்த இசைஞர் எடுக்கும் முடிவு.

சொல்லுக்கு இவ்வளவு இடம் கொடுப்பது இந்த மரபின் பிறப்பிலேயே இருக்கிறது. 1544-ல் கிரான்மர் எட்டாம் ஹென்றிக்கு எழுதிய கடிதம் ஒன்றில், வழிபாட்டுப் பாட்டு சுரங்களால் நிரம்பி வழியாமல், கூடியவரை ஓர் அசைக்கு ஒரு சுரமாக, தெளிவாகவும் பக்தியோடும் பாடத்தக்கதாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதுவரை இங்கிலாந்தில் புழங்கியதோ, லத்தீனில் ஒரே அசையைப் பல சுரங்களுக்கு இழுத்துக்கொண்டு போகும் செழித்த பல்குரல் இசை. இந்தக் கட்டுப்பாடு ஒரு கலையைக் கொன்றிருக்கக்கூடும். அப்படி ஆகாமல் காத்தவர்களில் முதல்வர் இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸ். அவருடைய ‘இஃப் யீ லவ் மீ’ இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடிய பாடல், நான்கே குரல்கள். நால்வரும் ஒன்றாகச் சொல்லத் தொடங்கி, பிறகு ஒருவர் பின் ஒருவராக நுழைகிறார்கள். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறது, ஆனாலும் அது பேச்சாக இல்லாமல் இசையாகவே இருக்கிறது. பின்னாளில் ஆர்லாண்டோ கிப்பன்ஸ், தனிக்குரலும் குழுவும் மாறி மாறிப் பாடும் ‘வெர்ஸ் ஆன்தம்’ வடிவத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனார். அவருடைய ‘திஸ் இஸ் த ரெக்கார்ட் ஆஃப் ஜான்’ என்ற பாடலில், நீர் யார் என்று கேட்க வந்தவர்களுக்கு யோவான் ஸ்நானகன் அளிக்கும் பதில்களைத் தனிக்குரல் சொல்கிறது. ஒவ்வொரு பகுதியின் இறுதிச் சொற்களையும் குழு வாங்கித் திரும்பச் சொல்கிறது. எலியாவா என்ற கேள்விக்கு வரும் மறுப்பின் குறுகிய சுரங்களைக் கேளுங்கள். நீதிமன்றச் சாட்சியம்போல் அலங்காரமற்று நிற்கும் அந்தப் பதிலில் எவ்வளவு நாடகம் இருக்கிறது என்பது அப்போது தெரியும்.

1640-களின் உள்நாட்டுப் போரில், வழிபாட்டுச் சடங்குகளை எதிர்த்த பியூரிட்டன் தரப்பு வென்றபோது பொது ஜெபப் புத்தகம் தடைசெய்யப்பட்டது, ஆர்கன்கள் அகற்றப்பட்டன, குழுக்கள் கலைந்தன. 1660-ல் மன்னராட்சி திரும்பியபோது அரசவை ஆலயத்தில் ஒரு பகுதியையாவது தடையின்றிப் பாடத் தெரிந்த ஒரு சிறுவன்கூட இல்லை என்றும், ஓராண்டுக்கும் மேலாக மேல்குரல்களைக் கார்னெட் என்னும் குழற்கருவியாலும் ஆண்களின் பொய்க்குரலாலும் நிரப்ப வேண்டியிருந்தது என்றும் மாத்யூ லாக் என்ற இசையமைப்பாளர் எழுதியிருக்கிறார். இந்தச் செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பன்னிரண்டு வயதுப் பையன் எட்டு வயதுப் பையனுக்குப் பக்கத்தில் நின்று பாடியே கற்றுக்கொடுக்கும் கலை இது. ஒரு தலைமுறை விட்டுப்போனால் புத்தகத்திலிருந்து மீட்டுவிட முடியாது.

அந்த வெறுமையிலிருந்து எழுந்த மாணவர்களில் ஒருவர்தான் ஹென்றி பர்செல். அவர் 1680-களின் தொடக்கத்தில் எழுதிய ‘ஹியர் மை பிரேயர், ஓ லார்ட்’ என்ற ஆன்தத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மொத்தம் 34 பார் (இசைக்குறிப்பின் தாளக் கட்டங்கள்), இரண்டரை நிமிடம் போல. சொற்களும் ஒரே ஒரு வசனம்தான்: கர்த்தாவே, என் விண்ணப்பத்தைக் கேளும், என் கூப்பிடுதல் உம்மிடத்தில் சேர்வதாக என்னும் 102-ஆம் சங்கீதத் தொடக்கம். முதல் பாதிச் சொற்களுக்கு அவர் கொடுத்திருப்பது இரண்டே சுரங்கள்; ஒரே சுரத்தில் நின்று மன்றாடி, ஒருமுறை சற்றே உயர்ந்து, உடனே பழைய இடத்துக்கே திரும்புகிறது. இரண்டாம் பாதியில் ‘கூப்பிடுதல்’ என்று வரும்போது சுரம் அரை அரையாக நகர்ந்து நெளிகிறது. இவ்விரண்டையும் தவிர வேறு இசைக்கரு எதுவும் அந்தப் பாடலில் இல்லை. ஒரு குரலில் தொடங்கி எட்டுக் குரல்கள் வரை ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. இளைப்பாறும் இடமே கிடையாது. ஒரு குரல் முடிப்பதற்குள் அடுத்தது நுழைந்துவிடுகிறது. முடிவுக்கு முந்தைய சில பார்களில் எட்டுக் குரல்களும் ஒன்றோடொன்று உரசி நிற்கும் கடும் முரணொலி ஒன்று எழுகிறது; பிறகு திடீரெனத் தளர்ந்து முடிகிறது. இங்கே எந்தப் பாடகரும் தன் குரலில் அழுகையை ஏற்றத் தேவையில்லை. அழுகை முழுவதும் சுரங்களின் உரசலில் இருக்கிறது. குரல் அசையாமல் நின்றால்தான் உரசல் கூர்மையாகக் கேட்கும். குரலை நடுக்கினால் அது மழுங்கிப்போகும். உணர்ச்சி எங்கே என்ற உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை என்னால் காட்ட முடியாது.

18-ஆம் நூற்றாண்டை வேகமாகக் கடந்துவிடலாம். நல்ல பாடல்கள் சில இருந்தாலும் பொதுவாகப் பேராலயங்களில் ஒழுங்கு தளர்ந்திருந்த காலம் அது. பாடும் சிறுவர்களின் கல்வியும் உணவும்கூடக் கவனிப்பாரின்றிக் கிடந்தன. மரியா ஹாக்கெட் என்ற பெண்மணி 19-ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் பேராலயம் பேராலயமாகப் போய், அச்சிறுவர்களுக்குச் சேர வேண்டிய பழைய அறக்கட்டளைகளின் பலனைக் கேட்டுப் போராடினார். இந்த இசையின் வரலாற்றை எழுதுபவர்கள் அவருக்கு இன்னும் பெரிய இடம் கொடுக்க வேண்டும்.

பிறகு வந்தவர் இசையமைப்பாளர் சார்லஸ் வில்லியர்ஸ் ஸ்டான்ஃபோர்ட், டப்ளினில் பிறந்தவர். மாலை வழிபாட்டின் இரு பாட்டுகளுக்கும் ஜி மேஜர் என்னும் சுரவரிசையில் அவர் செய்த இசையமைப்பைக் கேளுங்கள். மரியாளின் பாட்டை ஒரே ஒரு சிறுவன் பாடுகிறான். குழு பின்னணியில் நிற்கிறது. ஆர்கனில் விரைவான சுரங்கள் ஓயாமல் சுழல்கின்றன. இளம்பெண் மரியாள் இராட்டையில் நூல் நூற்றபடி பாடுவதாக அதைக் கேட்பது வழக்கம். அடுத்து வரும் சிமியோனின் பாட்டைத் தனியே பாடுபவர் அடிக்குரல் ஆண். குழந்தையைக் கையிலேந்திவிட்டேன், இனி நிம்மதியாகப் போகலாம் என்று சொல்லும் முதியவருக்கு அந்தக் குரல். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், வாழ்வின் தொடக்கத்தில் நிற்கும் ஒருத்தியையும் முடிவில் நிற்கும் ஒருவரையும் வழிபாடு ஏன் நாள்தோறும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது என்பது விளக்கமின்றியே புரியும்.

இந்த மரபில் கட்டடத்தையே கருவியாக எழுதியவர் ஸ்டான்ஃபோர்டின் மாணவர் ஹெர்பர்ட் ஹவல்ஸ். மாலை வழிபாட்டின் இரு பாட்டுகளுக்கும் அவர் ஏறத்தாழ இருபது இசையமைப்புகள் செய்தார். பலவற்றை இன்ன இடத்துக்கு என்று பெயரிட்டே செய்தார். கிங்ஸ் கல்லூரிக்காக எழுதிய ‘கொலேஜியம் ரெகாலே’ 1945-ஐச் சேர்ந்தது. மறு ஆண்டு குளஸ்டர் பேராலயத்துக்கும், 1951-ல் லண்டன் செயின்ட் பால் பேராலயத்துக்கும் எழுதினார். செயின்ட் பாலின் பெரும் குவிமாடத்தின் கீழ் ஒலி மிக நீண்ட நேரம் தங்கும். அதனால் அந்த இசையமைப்பில் கார்டுகள் நிதானமாக மாறுகின்றன. ஒன்று எழுந்து, பரவி, தணிந்த பிறகே அடுத்தது வருகிறது. வறண்ட அறையில் பதிவு செய்த அதே பாடலைக் கேட்டால் இடையிடையே ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். அந்த இடங்களை நிரப்பும் வேலையை அவர் கட்டடத்திடம் ஒப்படைத்திருக்கிறார். கிங்ஸ் கல்லூரி இசையமைப்பில் மரியாளின் பாட்டு சிறுவர் குரல்களோடு மென்மையாகத் தொடங்குகிறது. பலவான்கள் ஆசனங்களிலிருந்து தள்ளப்படும் வசனத்துக்குப் பலரும் முழக்கமாக எழுதுவார்கள். ஹவல்ஸோ, இது ஒரு பெண்ணின் பாட்டு என்பதால் அந்த வீழ்ச்சியில் முரட்டு வலிமை தொனிக்கக் கூடாது என்று கருதினார். டாலிஸின் நேர்த்தியான கார்டுகளுக்குப் பிறகு ஹவல்ஸைக் கேட்பவர்களுக்கு அவருடைய இசை தெளிவற்று, நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிவதாகத் தோன்றலாம். அவசரப்படாமல், சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பாட்டைப் பலமுறை கேளுங்கள். 1935-ல் ஒன்பது வயது மகனைப் பறிகொடுத்தவர் அவர். அந்த இழப்பின் சாயல் அவருடைய திருச்சபை இசையெங்கும் படிந்திருப்பதாகக் கேட்பவர்கள் பலர், நானும் அவர்களில் ஒருவன்.

சிறுமிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சால்ஸ்பரி பேராலயம் 1991-ல் சிறுவர் குழுவுக்கு இணையாகச் சிறுமியர் குழுவை அமைத்தது; கேன்டர்பரி 2014-ல் தொடங்கியது; கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் 2022-ல் சிறுமியரையும் பெண்களையும் தன் குழுவிலேயே சேர்த்துக்கொண்டது. மரபு கெட்டுவிடும் என்று அஞ்சியவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். நான் கேட்டவரை, குழுவின் ஒலியைத் தீர்மானிப்பதில் பயிற்றுவிப்பவரின் காதும் கட்டடத்தின் எதிரொலியும் முதலிடம் பெறுகின்றன. பாடுவது பையனா பெண்ணா என்பது வெகு பின்னால்தான் வருகிறது. நாள்தோறும் பாடும் குழுவைக் காப்பாற்றப் பாடுபவர்கள் வேண்டும் என்ற எளிய உண்மையையும் மறக்கக் கூடாது.

கேட்கும் வகையைப் பற்றிச் சில சொற்கள். பி.பி.சி. 1926 அக்டோபர் 7 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலிருந்து ஈவன்சாங் வழிபாட்டை முதன்முறையாக ஒலிபரப்பியது. அந்த வாராந்தர நிகழ்ச்சி இன்று ரேடியோ 3-ல் தொடர்கிறது. இசைத்தட்டுத் தொகுப்புகளைவிட அதையே பரிந்துரைக்கிறேன். தொகுப்பில் ஆன்தத்துக்குப் பின் ஆன்தமாக வரும்போது எல்லாம் உச்சமாகி, எதுவும் உச்சமாக இல்லாமல் போகிறது. உங்களுக்கு நேர்ந்த சலிப்புக்கு இதுவே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். வழிபாட்டில் நீண்ட சங்கீதம், அதன்பின் வெறும் குரலில் வாசிப்பு, அதன்பின் மரியாளின் பாட்டு என்று வரும்போது காது இளைப்பாறிப் பசியோடு காத்திருக்கும். வேறு வேலை செய்துகொண்டு பின்னணியாகக் கேட்க வேண்டாம். அன்றைய சங்கீதத்தைத் தமிழ் வேதாகமத்தில் முன்கூட்டியே ஒருமுறை வாசித்துவிடுங்கள். ஜெபப் புத்தகத்தின் சங்கீதங்கள் மைல்ஸ் கவர்டேலின் 16-ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பு. அந்தப் பழைய ஆங்கிலம் பாடலில் விரையும்போது, பொருள் முன்பே தெரிந்திருந்தால் காது இசையின் பக்கம் போகும்.

இங்கிலாந்துக்குப் போகும் வாய்ப்பு வந்தால், பகலில் சுற்றிப் பார்க்கக் கட்டணம் வாங்கும் பேராலயங்களிலும் மாலை வழிபாட்டுக்குக் கட்டணம் இல்லை. எந்தச் சமயத்தவரும் போய் அமரலாம். சற்று முன்னதாகச் சென்று, கூட்டம் அமரும் பெரிய மண்டபத்தில் உட்காராமல், குழு நிற்கும் பகுதியிலேயே இருக்கைகளின் பின்வரிசையில் இடம் கிடைக்குமா என்று அங்கிருக்கும் ஊழியரிடம் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். தொலைவில் ஒரே திரளாகக் கேட்கும் ஒலி அங்கே தனித்தனி மனிதர்களாகப் பிரியும். பக்கத்துக் கவுன்டர்டெனரின் மூச்சும், எதிர்வரிசைச் சிறுமி அடுத்த பக்கம் புரட்டுவதும், இரண்டு பக்கமும் சேரும் வசனத்துக்கு முன் எல்லோர் கண்ணும் நடத்துநரின் விரலுக்குப் போவதும் தெரியும். முதல் முறை ஆன்தம் யாருடையது என்று பார்த்து நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். முடிந்தால் நீண்ட சங்கீதம் வரும் நாளாகப் பார்த்துப் போங்கள்.